கிரானைட் கம்பெனியில் மந்தமான காது: யார், எதை நிரூபிக்க வேண்டும்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். அப்பாவுக்கு 50 வயது. பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் கம்பெனியில் 16 வருடம் வேலை. முதல் நாலைந்து வருடம் கையில் கிரைண்டர் பிடித்துப் பாலீஷ், பிறகு கட்டிங் மிஷின். ஐந்து மாதம் முன்பு, கிரேனில் ஸ்லாப் வருகிறது என்று பின்னாலிருந்து கத்தியும் அவர் காதில் விழவில்லை. மறுநாளே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். முதலாளி, 'வயசாச்சு, சுகர் வேற இருக்கு, கம்பெனி என்ன பண்ணும்' என்கிறார். காது டாக்டர் 'இரு காதிலும் நரம்பு வகைக் கேளாமை' என்று எழுதினாரே தவிர, சத்தத்தால் வந்தது என்று எழுத மறுக்கிறார். இதை நிரூபிக்க வழி உண்டா என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. சத்தம்தான் காரணம் என்று மருத்துவத்தால் எவ்வளவு தூரம் சொல்ல முடியும் என்பது ஒன்று. சட்டம் உங்களிடம் எவ்வளவு கேட்கிறது என்பது இன்னொன்று. முதலாவதை முழுக்க முடித்தால்தான் இரண்டாவதற்குப் போகலாம் என்று நினைத்துத்தான் பலர் பாதி வழியில் விட்டுவிடுகிறார்கள். நான் ஓசூரில் 22 வருடமாகச் செவித்திறன் பரிசோதனை செய்கிறவன். கம்பெனிகளுக்குள் போய்ச் சத்தம் அளந்திருக்கிறேன், இழப்பீட்டு வழக்குகளில் சாட்சியாகவும் நின்றிருக்கிறேன். வக்கீல் இல்லை. சட்டம் பற்றிக் கீழே சொல்வதை வக்கீலிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் டாக்டர் மறுத்ததில் நியாயம் இருக்கிறது. காதைச் சோதித்து 'இது இந்தக் கம்பெனியின் சத்தம் செய்த வேலை' என்று சொல்லும் பரிசோதனை உலகத்தில் எங்கும் கிடையாது. உள்காதில் நத்தை ஓடு போல ஒரு சுருள் இருக்கிறது. அதற்குள் வரிசையாக நிற்கும் நுண்மயிர்ச் செல்கள்தான் அதிர்வை நரம்புக்கு மாற்றித் தருகின்றன. அதிக சத்தம் இவற்றை, முக்கியமாக வெளிவரிசையில் இருப்பவற்றை, சாகடிக்கிறது. செத்த செல் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. ஆனால் வயதும் சில மருந்துகளும் இதே செல்களைத்தான் கொல்கின்றன. செத்ததைப் பார்த்துக் கொன்றது யார் என்று சொல்ல முடியாது.

எந்த இடத்தில் செத்தது என்பது மட்டும் கொஞ்சம் பேசும். ஆடியோகிராம் என்று ஒரு வரைபடம் தந்திருப்பார்களே, அதை எடுத்துப் பாருங்கள். இடமிருந்து வலமாக 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை, தடித்த குரலிலிருந்து கீச்சுக் குரலுக்குப் போகும். மேலிருந்து கீழே டெசிபல். கோடு கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைகிறது. தொடர்ந்த இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு அந்தக் கோடு 500, 1,000 வரை பெரும்பாலும் நன்றாகவே வந்து, 3,000-க்கும் 6,000-க்கும் நடுவில், பலருக்கும் 4,000-இல், பள்ளத்தில் விழுந்து, 8,000-இல் கொஞ்சம் மேலே ஏறும். அந்த ஏற்றம்தான் முக்கியம். வயதால் வரும் மந்தத்தில் கோடு வலது பக்கம் சறுக்கிக்கொண்டே போகும், மேலே ஏறாது. பள்ளம் இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். எலும்பு வழியாகச் சோதித்த கோடும் காற்று வழியாகச் சோதித்த கோடும் ஒட்டியே போக வேண்டும். இடைவெளி இருந்தால் அழுக்கோ, சீழோ, செவிப்பறை ஓட்டையோ இருக்கலாம்; அதற்குச் சத்தத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

இங்கே சந்தேகமான பகுதியையும் சொல்லிவிடுகிறேன். பள்ளம் இருந்தால் சத்தம்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. தலையில் அடிபட்டவர்களுக்கும் அப்படி ஒரு பள்ளம் வருவதுண்டு. பள்ளம் இல்லையென்றால் சத்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 50, 55 வயதில் வயதின் சறுக்கலும் சேர்ந்துவிட்டால் 8,000-இல் இருந்த ஏற்றம் அழிந்து, கோடு பள்ளம் தெரியாமல் சரிந்து நிற்கும். ஒரு தனி மனிதனின் காதில் இத்தனை டெசிபல் வயது தின்றது, இத்தனை டெசிபல் மிஷின் தின்றது என்று பிரிக்க முடியாது. அட்டவணை வைத்துக் கழிப்பவர்கள் உண்டு. அது ஒரு பெருங்கூட்டத்தின் சராசரி, உங்கள் அப்பாவின் காது அல்ல.

அதனால் வரைபடத்தைவிட அவர் வாயால் சொல்லும் கதைக்கு நான் அதிக நேரம் கொடுப்பேன். காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து பாலீஷ் லைனில் வேலை செய்த ஒருவர் வந்திருந்தார். 'காது எப்படி இருக்கு அண்ணா' என்று கேட்டேன். 'காசு அப்புறம் தரேன் சார்' என்றார். வெளியே உட்கார்ந்திருந்த அவர் மனைவி சிரித்துவிட்டார். சிரிப்பு இருக்கட்டும், கவனியுங்கள். உயிரெழுத்துகள் எல்லாம் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் அவருக்குச் சரியாகக் கேட்கின்றன. ச, த, க போன்ற மெய்கள் உயர் அதிர்வெண்ணில் தேய்ந்து போகின்றன. 'பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல' என்பார்கள். இன்னொன்றும் சொன்னார்: சொந்த மாந்தோப்பில் ராத்திரி சில்வண்டுச் சத்தம் ஏழெட்டு வருடமாகவே இல்லையாம், மருந்தடித்து மருந்தடித்துப் பூச்சியே செத்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். மனைவி, 'தூங்கவே விடாம கத்துதே' என்றார். சில்வண்டு கத்துவது ஏறக்குறைய அந்தப் பள்ளம் விழும் இடத்தில்தான். வரைபடம் எடுக்காத அந்த ஏழெட்டு வருடத்துக்கு அவரிடம் இருந்த ஒரே தேதி அந்தச் சில்வண்டுதான். உங்கள் அப்பாவிடமும் அப்படி ஏதாவது இருக்கும். டிவி சத்தத்தை எந்த வருடம் கூட்ட ஆரம்பித்தார், ஷிஃப்ட் முடிந்து வந்தால் காதுக்குள் 'ஙொய்' என்று எப்போதிலிருந்து கேட்டது, முன்பு ஞாயிற்றுக்கிழமை தெளிந்தது எப்போது தெளியாமல் போனது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

என் தப்பு ஒன்றையும் சொல்கிறேன், பரிசோதனையில் எங்கே ஓட்டை விழும் என்று புரியும். ஆரம்ப காலத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்த ஒருவரைக் காலையில் சோதித்து அறிக்கை கொடுத்தேன். சத்தத்திலிருந்து வந்த உடனே காது தற்காலிகமாக மந்தமாகியிருக்கும், ஓய்வில் ஓரளவு திரும்பும். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: 'கடைசியாக மிஷின் பக்கத்தில் இருந்து எத்தனை மணி நேரம் கழித்துச் சோதித்தீர்கள்?' என்னிடம் பதில் இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தபோது எண்கள் 10 டெசிபல் நல்லபடியாக வந்தன. அதை வைத்து முழு அறிக்கையுமே பொய் என்று பேசினார்கள். குறைந்தது 14 மணி நேரம், முடிந்தால் 16, அமைதிக்குப் பிறகுதான் சோதிக்க வேண்டும். அந்த நேரத்தை அறிக்கையிலேயே எழுதவும் வேண்டும். உங்கள் அப்பா வேலையை விட்டு ஐந்து மாதம் ஆகிவிட்டதால் இந்தத் தொல்லை இல்லை. ஒலிபுகா அறையில், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட் எடுத்த வரைபடமாக இருக்கட்டும். 3,000, 6,000 இரண்டையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் விட்டுவிடுவார்கள். நடிக்கிறார் என்ற பேச்சு வந்தால், நோயாளி பதில் சொல்லத் தேவையில்லாத பெரா, ஓஏஈ சோதனைகள் இருக்கின்றன. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. சர்ச்சை முற்றினால் மைசூரு அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்தின் அறிக்கைக்குத் தனி மரியாதை.

ஆறு மாதம் கழித்து இன்னொரு வரைபடம் எடுங்கள். சத்தம் நின்றுவிட்டால் சத்தத்தால் வந்த இழப்பு மேற்கொண்டு வளராது. இரண்டு வரைபடமும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் உங்கள் பக்கம் பலம் கூடும். வீட்டில் சும்மா இருக்கும்போதே மளமளவென்று இறங்கினால் வேறு காரணத்தைத் தேட வேண்டியதுதான், அதை மறைக்காதீர்கள்.

முதலாளி சொன்ன சுகருக்கு வருவோம். சர்க்கரை நோய் கேட்கும் திறனைக் கொஞ்சம் பாதிக்கும் என்பது உண்மை. ஆனால் 4,000-இல் பள்ளம் தோண்டுவது அதன் வழக்கமான வேலை அல்ல. எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளக்கூடிய கனமான விஷயங்கள் வேறு. சொந்தத்தில் கட்டியதால் குடும்பத்தில் பிறவிக் கேளாமை உண்டா, சின்ன வயதில் காதில் சீழ் வந்ததா, ஒரு காது மட்டும் ரொம்ப மோசமா, இழப்பு எல்லா அதிர்வெண்ணிலும் 80, 90-க்குப் போய்விட்டதா என்று பார்ப்பார்கள். வெறும் சத்தம் மட்டும் தாழ்ந்த அதிர்வெண்களில் 40 டெசிபலுக்கு மேலும், உயர்ந்தவற்றில் 75-க்கு மேலும் கொண்டுபோவது அபூர்வம்.

கிரானைட் தொழிலாளிகளிடம் நான் தவறாமல் கேட்கும் இன்னொரு கேள்வி காசநோய். கல் தூசியால் நுரையீரல் கெட்டவர்களுக்குக் காசநோய் எளிதில் ஒட்டும். முன்பெல்லாம் ஒருமுறை மருந்து தின்று மறுபடி வந்தவர்களுக்கு இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடுவார்கள். அந்த ஊசி வகை காதைக் கெடுக்கும், தலைசுற்றலும் தரும். அதன் பாதிப்பு 8,000 பக்கத்திலிருந்து தொடங்கிக் கீழே இறங்கி வரும். அப்பாவுக்கு அப்படி ஊசி போட்டிருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு கண்டுபிடித்துச் சொன்னால் அதன் எடை பத்து மடங்கு.

அடுத்தது அந்த இடத்தில் எவ்வளவு சத்தம் இருந்தது என்பது. கல்லில் கிரைண்டர் பிடிக்கும் ஆளின் காதருகே மீட்டர் வைத்தால் 95-ஐத் தாண்டாத இடத்தை நான் பார்த்ததில்லை. நம் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. 95 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் 2 மணி நேரம். இதை நிரூபிக்கக் கேட்டால் கம்பெனிகள் பெரும்பாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுத்த அறிக்கையை நீட்டும்: 'பாருங்க, 75-க்குள்ளதான் இருக்கு.' ஏமாறாதீர்கள். அந்த 75, தொழிற்பகுதியின் பகல்நேரச் சுற்றுப்புற வரம்பு. காம்பவுண்டு ஓரத்தில் அளப்பது. உங்கள் அப்பா காம்பவுண்டு சுவரில் உட்கார்ந்து கல் அறுக்கவில்லை. தொழிலாளியின் தோளில் மாட்டி ஷிஃப்ட் முழுக்க அளக்கும் டோசிமீட்டர் கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது அவர்களுடைய குறை, உங்களுடையது அல்ல. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு மனு கொடுத்து ஆய்வு கேட்கலாம். முந்தைய ஆய்வு அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். (அப்பா குவாரியில் வேலை செய்திருந்தால் அது மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்துக்குப் போகும், மாநில அலுவலகத்தில் அலையாதீர்கள்.)

மீட்டர் கிடைக்காவிட்டால் மனிதர்கள் இருக்கிறார்கள். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தினால்தான் கேட்கும் என்றால் அங்கே 85-க்குக் குறையாது என்பது எங்கள் தொழிலில் பழைய கைக்கணக்கு. அதே மிஷினில் வேலை செய்த இரண்டு பேர், 'சைகையில்தான் பேசிக்கொள்வோம், மதியச் சாப்பாட்டிலும் கொஞ்ச நேரம் கத்தித்தான் பேசுவோம்' என்று சொன்னால் அது நல்ல சாட்சி. ஒடிசா, பீகார் பையன்கள் ஊருக்குப் போனால் திரும்புவார்களா தெரியாது, முதலில் அவர்களைப் பிடியுங்கள். பழைய படம், வீடியோ இருந்தால் எடுத்து வையுங்கள். கம்பெனி புது மிஷின் வாங்கிவிட்டால் பழைய சத்தத்தை எங்கே போய் அளப்பது?

'பஞ்சு கொடுத்தோம், அவர்தான் வைக்கவில்லை' என்பார்கள். வெறும் பஞ்சு ஒன்றும் செய்யாது. நல்ல அடைப்பானே கொடுத்திருந்தாலும், அட்டையில் போட்டிருக்கும் எண்ணில் பாதிகூட நடைமுறையில் கிடைப்பதில்லை. 30 டெசிபல் தடுக்கும் அடைப்பானைப் பாதி ஷிஃப்ட் கழற்றி வைத்தால் மொத்தத்தில் கிடைப்பது 3 டெசிபல்தான். யார் எப்போது கொடுத்தார்கள், எப்படி வைப்பது என்று காட்டினார்களா, கையெழுத்துப் பதிவேடு இருக்கிறதா, வருடா வருடம் காது சோதித்தார்களா என்று திருப்பிக் கேளுங்கள். சேர்ந்த நாளில் காது நன்றாக இருந்ததற்கான வரைபடம் அவர்களிடம் இருந்தால் அது உங்களுக்குச் சாதகம். எடுக்கவே இல்லை என்றால், முன்பே மந்தம் இருந்தது என்று அவர்கள் சொல்ல ஆதாரம் இல்லை.

இப்போது சட்டம். உங்கள் கேள்வியின் பாதி இங்கே கரைந்துவிடும். 1923-ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், ஆ பகுதியில், இரைச்சலால் வரும் கேள்திறன் குறைபாடு ஒரு தொழில்நோயாக இருக்கிறது. அப்படிப்பட்ட வேலையில் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருந்தவருக்கு அந்த நோய் வந்தால், வேலையால் வந்ததாகவே கொள்ளப்படும். இல்லை என்று காட்டும் பொறுப்பு மறுபக்கத்துக்கு. ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 52ஏ பிரிவும் இதே மாதிரிதான். ஆக நீங்கள் காட்ட வேண்டியது மூன்று: அவர் அதிக இரைச்சலுள்ள வேலையில்தான் இருந்தார், ஆறு மாதத்துக்கு மேல் இருந்தார், அவருக்கு இருப்பது சத்தத்தால் வரும் வகை இழப்பு. 'இந்தக் கம்பெனியால் மட்டுமே' என்பதைக் காட்ட வேண்டியதில்லை.

2025 நவம்பர் 21 முதல் இந்த இரண்டு சட்டங்களும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020-க்குள் போய்விட்டன. தொழில்நோய்ப் பட்டியலில் இரைச்சல் கேளாமை தொடர்கிறது. உங்கள் தேதிகளுக்கு எது பொருந்தும் என்பதுதான் வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அதற்கு முன் சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் அந்த வழி மட்டும்தான். முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. ஈ.எஸ்.ஐ.யில் மருத்துவ வாரியம் பார்த்துச் சதவீதம் போடும், அதன்படி மாதாமாதம் வரும். முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீடு உண்டு. ஈ.எஸ்.ஐ. இல்லையென்றால் பணியாளர் இழப்பீட்டு ஆணையராக இருக்கும் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனு. 'அவர் எங்க ஆள் இல்ல, கான்ட்ராக்டர் ஆள்' என்று கைகழுவினால், கான்ட்ராக்டர் மூலம் வேலை வாங்கிய முதன்மை முதலாளியும் பொறுப்பு என்று 1923 சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது.

நாள் ஓடிவிடும், கவனம். 1923 சட்டத்தில் மனுவுக்கு இரண்டு வருடம். காது மந்தமாகியும் லீவு போடாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அந்த இரண்டு வருடம், முதலாளிக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து. இன்னும் கொடுக்கவில்லை என்றால் இந்த வாரமே ஸ்பீட் போஸ்டில், பதிவு செய்து, ஒப்புகையுடன் அனுப்புங்கள். எந்த வேலை, எத்தனை வருடம், என்ன பாதிப்பு என்று நாலு வரி போதும்.

பலர் இடறும் இடம் ஒன்று. மாற்றுத்திறனாளி அட்டைக்குப் போனால் 'உங்களுக்கு 40 சதவீதம் வராது' என்று திருப்பி அனுப்புவார்கள். அந்தச் சட்டத்தில் இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பிலிருந்துதான் கணக்கே தொடங்குகிறது. சத்தத்தால் கெட்ட காது தாழ்ந்த அதிர்வெண்களில் நன்றாக இருப்பதால் சராசரி அவ்வளவு மோசமாக வராது. அந்தக் கதவு மூடியதால் இழப்பீட்டுக் கதவும் மூடியதாக நினைக்காதீர்கள். இங்கே பார்ப்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதை. கிரேன் சத்தம் கேட்காதவர் ஸ்லாப் நடுவே நிற்க முடியாது என்று கம்பெனியே வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறதே, அதுவே ஒரு சாட்சி. தொகையைத் தோராயமாகப் பார்க்க வேண்டுமானால்: 1923 சட்டக் கணக்கில் மாதச் சம்பளத்தில் 60 சதவீதம் (2020-இல் அறிவித்த உச்சவரம்பு ரூ.15,000), 50 வயதுக்கான பெருக்கு எண் 153.09, அதில் இழந்த திறனின் சதவீதம். 20 சதவீதம் என்று முடிவானால் சுமார் ரூ.2.75 லட்சம். சதவீதம் எவ்வளவு வரும் என்பதில்தான் சண்டை நடக்கும், அதை முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாக டாக்டர். 'சத்தத்தால் வந்தது என்று எழுதுங்கள்' என்று கேட்டால் நல்ல டாக்டர் எழுத மாட்டார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'இந்த வரைபடமும் 16 வருட வேலை வரலாறும் இரைச்சலால் வரும் கேளாமையோடு பொருந்துகிறதா? சோதித்ததில் வேறு காரணம் தெரிந்ததா?' இந்த இரண்டுக்கும் மனசாட்சியோடு பதில் எழுதலாம். எழுதும்போது கேட்ட வரலாறு, சோதித்த தேதி, செவிப்பறையின் நிலை எல்லாம் அதில் இருக்கட்டும். முன்பு தொழிற்சாலைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவிலும், 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, 2020-இன் 12-ஆம் பிரிவிலும் இது மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று என்பதையும் பணிவாக நினைவூட்டலாம். பலருக்கு அது ஞாபகத்தில் இருப்பதில்லை.

கேஸ் முடியட்டும் என்று காது மிஷின் வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். மிஷின் போட்டால் 'சரியாகிவிட்டது' என்று சொல்லிவிடுவார்கள் என்று ஒரு பயம் ஊரில் இருக்கிறது. ஆடியோகிராம் எடுப்பது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான்.